அழுத குரல் யாருடையது?

டைப்பிங் சென்டருக்குள் நுழைந்த ஆள் தன் பெயரைச் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்களே என்று சிரித்தான். பஞ்சவர்ணம் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், விசா புதுப்பிக்கவா, கேன்சல் பண்ணவா என்று கேட்டாள்.

வந்தவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மைனா எஃப்.எம்.மில் ‘காலை ஏழரை’ நிகழ்ச்சியை நடத்தும் சேதுமாதவன் அவன். துபாயில் டாக்ஸி ஓட்டும் தமிழரும், தோஹாவில் கண்ணாடி துடைக்கும் தமிழரும், மனாமாவில் மீன் வெட்டும் தமிழரும் காலையில் கேட்டுச் சிரிப்பது அவன் குரலைத்தான். தன்னைத் தெரியாத ஒரு தமிழச்சி துபாய் கராமாவில் இருப்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

கௌஸ் முகம்மது அவனை உட்காரச் சொன்னார். கீழக்கரைக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளையும் பொய் தீ விபத்துகளையும் மோப்பம் பிடிப்பதே இருபது வருடம் அவர் வேலையாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு இந்த டைப்பிங் சென்டர். போலீசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் விண்ணப்பம் டைப் அடிக்க வருவது போல வந்து தங்கள் சிக்கலைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மேலூரிலிருந்து வந்த பஞ்சவர்ணம் அவருடைய டைப்பிஸ்ட், டிரைவர், துப்பறியும் உதவியாளர், எல்லாம். அவள் வாய்க்குத் தனியாக ஒரு விசா எடுத்திருக்க வேண்டும் என்பார் கௌஸ்.

சேதுமாதவனின் சிக்கல் இது. அவன் நிகழ்ச்சியில் தினமும் யாராவது ஒருவருக்குப் பொய்யாகப் போன் செய்து மிரட்டி, கடைசியில் “ஏழரை” என்று கத்திச் சிரிப்பார்கள். போன வாரம் அப்படிச் சிக்கியவர் அம்மையப்பன் என்ற கட்டிடத் தொழிலாளி. அந்த நிகழ்ச்சி வாட்ஸப்பில் பரவியது. மறுநாளிலிருந்து அம்மையப்பனைக் காணோம். ‘அம்மையப்பன் எங்கே’ என்று ஃபேஸ்புக்கில் நாலு பேர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ரேடியோ நிர்வாகம் சேதுமாதவனைக் கூப்பிட்டு, இதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டது.

“ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க பாய். ‘எல்லாம் ஜாலிக்குத்தான், எனக்கு வருத்தமில்ல’ன்னு கேமராவப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். போதும்.”

“அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?” என்றார் கௌஸ்.

அந்தக் கோணத்தில் தான் யோசிக்கவில்லை என்று சேதுமாதவன் ஒப்புக்கொண்டான். பிறகு தன் போனிலேயே அந்த நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினான். தான் செய்ததைத் தானே கேட்கும்போதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

போனில் சேதுமாதவனின் குரல், கம்பெனி ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டது. உங்கள் சம்சாரம் ஊரிலிருந்து பேசினாள், நீங்கள் சூப்பர்வைசர் என்கிறாள், எங்கள் கணக்கில் நீங்கள் கக்கூஸ் கழுவுகிறவர், நாங்கள் எதை அவளிடம் சொல்லட்டும் என்று கேட்டது. எதிர்முனையில் ஒருவர் தேம்ப ஆரம்பித்தார். இப்போதுதான் எழுந்தேன் சார், ரூமில் தனியாகத்தான் இருக்கிறேன் சார், ராக்கம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் சார் என்று கெஞ்சினார். கதறல் உச்சத்துக்குப் போனதும் “ஏழரை” வந்தது, மேளச்சத்தம் வந்தது, கூடத் தொகுத்து வழங்கும் ராதிகா என்ற பெண்ணின் சிரிப்பும் வந்தது.

இது நேரடியாக ஒலிபரப்பானதா என்று கௌஸ் கேட்டார். சத்தியமாக நேரலைதான், காலை ஏழே முக்காலுக்கு என்றான் சேதுமாதவன்.

அவன் போன பிறகு பஞ்சவர்ணம் அவன் உட்கார்ந்த நாற்காலியைத் துணியால் துடைத்தாள்.

*

அல் கூஸ் பகுதியில் அம்மையப்பன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்கு அவர்கள் போனபோது பஸ்கள் சைட்டிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. அம்மையப்பனுடைய ரூமில் ஆறு அடுக்குக் கட்டில்கள், பன்னிரண்டு பேர். அவருக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கும் மணிமாறன் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். ரேடியோவிலிருந்தா வருகிறீர்கள் என்று முதலில் முறைத்தான். இல்லை என்று தெரிந்ததும் பேசினான்.

அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் எல்லார் போனிலும் அந்த அழுகைதான் ஓடியதாம். அம்மையப்பன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் நாலு பக்கமிருந்தும் “ராக்கம்மாட்ட சொல்லிடாதீங்க சார்” என்று அழுது காட்டினார்கள். அது நான் இல்லை என்று அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை. பெயர் சரி, மனைவி பெயர் சரி, ஊரில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருந்ததும் சரி. அப்புறம் எப்படி அது அவராக இல்லாமல் போகும்?

“நானும் சிரிச்சேண்ணே” என்றான் மணிமாறன். அடுத்த நாள் காலையில் அவர் பஸ் ஏறவில்லை. அவருடைய போன் அணைந்துகிடந்தது. பெட்டி, துணிமணி எல்லாம் கட்டிலுக்கடியில் அப்படியே இருந்தன.

கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் ஒரு மலையாளி. நல்ல மனிதர், ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை. ஒருவர் தொடர்ந்து ஒரு வாரம் டியூட்டிக்கு வராவிட்டால் ஓடிப்போனதாகக் கம்பெனி புகார் கொடுத்துவிடும். அதன் பிறகு அவர் பிடிபட்டால் நேராக விமானம்தான். திரும்ப இந்த மண்ணில் கால் வைக்க முடியாது. நாளைக்குள் ஆள் வராவிட்டால் நாளை மறுநாள் புகார். அவருக்காக இதுவரை யாராவது பேசினார்களா என்று கௌஸ் கேட்டார். ஒருவரும் பேசவில்லை.

காலையில் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கௌஸ் கடைசியாகக் கேட்டார். நாலரைக்கு என்று பதில் வந்தது.

வண்டியில் ஏறியதும் பஞ்சவர்ணம் சொன்னாள்: “ஏழே முக்காலுக்கு எந்திரிக்கிறவன் கட்டிட வேலைக்காரன் இல்ல பாய், ரேடியோக்காரன். அந்த ரூமுல தனியா இருக்கணும்னா மத்த பதினோரு பேரும் செத்திருக்கணும்.”

கௌஸ் அந்த ஒலிப்பதிவை மறுபடி போட்டார். ஒருதரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கேட்டார். பிறகு அவளுக்கு விளக்கினார். ரெண்டு கார் மோதினால் ரெண்டிலும் நசுங்கல் இருக்கும். ரெண்டு பேர் போனில் பேசினால், அதிலும் ஒருவன் மிரட்டி இன்னொருவன் அழுதால், எங்கேயாவது குரலும் குரலும் இடித்துக்கொள்ளும். இதில் ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. மிரட்டல் முடிந்த பிறகுதான் அழுகை. அழுகை ஓய்ந்த பிறகுதான் சிரிப்பு. ராதிகாவின் சிரிப்பு மட்டும் அழுகையின் மேல் விழுகிறது. சேதுமாதவனுடையது ஒருதடவைகூட விழவில்லை.

“ஒரே வாயில ரெண்டு பேரு எப்படி ஒண்ணாப் பேச முடியும்?” என்றாள் பஞ்சவர்ணம்.

சேதுமாதவன் யாருக்கும் போன் செய்ததே இல்லை. தினமும் கேம்ப்புக்காரன் ஒருவனைப் போலத் தானே அழுது, தானே சிரித்துக்கொண்டிருந்தான். ஏமாளிகளை வெளியே தேடக்கூட அவனுக்கு அலுப்பு. ஆனால் இந்த முறை அவன் எடுத்துக்கொண்ட பெயரும் கதையும் உயிரோடு இருக்கும் ஒரு மனிதனுடையவை. அவை அவனுக்கு எப்படிக் கிடைத்தன?

*

மணிமாறன் கொடுத்த எண்ணில் அம்மையப்பனின் மனைவி ராக்கம்மா கிடைத்தாள். காளையார்கோவில் பக்கத்துக் கிராமம். முன்பின் தெரியாத ஆளிடம் பேசத் தயங்கினாள். பஞ்சவர்ணம் போனை வாங்கி, மேலூர் பேச்சில் நாலு வார்த்தை பேசிய பிறகு இளகினாள்.

ரேடியோவில் அழுதது தன் புருஷன் இல்லை என்று அவளுக்குக் கேட்டவுடனே தெரியும்.

“எங்க வீட்டுக்காரரு அழுதா சத்தம் வராதுங்க” என்றாள்.

அவர் சூப்பர்வைசர் இல்லை என்பதும் அவளுக்கு நெடுநாளாகத் தெரியும். முதல் லீவில் வந்தபோது அவர் கையைப் பிடித்துப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. அவர் சொல்லாதபோது நாம் ஏன் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். இப்போது ஊரே அதைப் பேசுகிறது. அவளுக்கு அதில் கவலை இல்லை, அவர் கேட்டால் உடைந்துபோவாரே என்பதுதான் கவலை.

அவர் பத்திரமாக இருக்கிறார், தினமும் காலையில் வேறு ஏதோ எண்ணிலிருந்து பேசுகிறார் என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. ஒருத்தரிடம் ஒரு கேள்வி கேட்கப் போனேன், இப்போது ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார், கம்பெனியிலும் அவரே பேசிவிட்டார், கவலைப்படாதே என்பதுதான் அவர் சொன்னது.

கம்பெனியில் யாரும் பேசவில்லை என்பது கௌசுக்குத் தெரியும். பார்த்துக்கொள்கிற அந்த ஆள் பொய் சொல்லியிருக்கிறார்.

அவர் பேசும்போது பின்னால் ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தார். ராக்கம்மா கொஞ்சம் கூசினாள். ஒரு ஆம்பளை யாரையோ திட்டிக்கொண்டே இருப்பானாம். நேற்று, இந்தக் கேம்ப் பயல்களுக்கு என்ன குப்பையைப் போட்டாலும் சிரிப்பான்கள் என்றானாம். ஒரு பொம்பளை சிரித்தாளாம். கொஞ்ச நேரத்தில் அதே ஆம்பளை, தேனில் முக்கிய குரலில் “வணக்கம் செல்லங்களா” என்றானாம்.

கௌஸ் போனை வைத்தார். செல்லங்களா என்பது வானொலியில் வருவது, வளைகுடா முழுக்க யாரும் கேட்கலாம். கேம்ப் பயல்கள் என்பது பாட்டு ஓடும்போது, மைக் அணைந்திருக்கும்போது பேசுவது. ரெண்டையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் அந்த ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“அப்ப நம்மள தேடச் சொன்னவன் முதுகுக்குப் பின்னாடியே அவரு இருக்காரு” என்றாள் பஞ்சவர்ணம். “திரும்பிப் பாக்குற பழக்கம் அவனுக்கு இல்ல போல.”

*

மறுநாள் காலை அவர்கள் மைனா எஃப்.எம்.முக்குப் போனார்கள். இன்றைக்கே ஆளைக் காட்டுகிறேன், அதுவரை ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கௌஸ் சொன்னதும் சேதுமாதவன் தானே வந்து கதவைத் திறந்துவிட்டான்.

அந்த இடத்தில் வேலை செய்ய வேண்டியவர்கள் சிரித்து முடித்துக் களைத்தவர்கள் போல இருந்தார்கள். ராதிகா முப்பது வயதுக்காரி, பார்க்க லட்சணமாக இருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தால் குயில் மாதிரி பேசினாள். அணைந்தால், அவளும் சேதுமாதவனும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இருவரில் ஒருவருக்குத்தான் அடுத்த மாதம் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும் என்று வரவேற்பறைப் பெண் பஞ்சவர்ணத்திடம் அதற்குள் சொல்லியிருந்தாள். பஞ்சவர்ணத்திடம் யாரும் எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைத்ததில்லை.

அன்றைய நிகழ்ச்சியில் உடம்பைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தது. ராதிகா, தன் காலைச் சாப்பாடு ரெண்டே ரெண்டு பாதாம் என்றாள். வியர்வையில் நனைந்த ஏதோ ஒரு பஸ்ஸில் அதைக் கேட்டு யாரோ வியந்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் பஞ்சவர்ணம் வந்து கௌசின் காதில் சொன்னாள்: “ரெண்டு பாதாம் அம்மாவுக்கு வாசல்ல நாலு புரோட்டாவும் சால்னாவும் வந்திருக்கு.”

பாட்டு ஆரம்பித்தது. ராதிகா எழுந்து வெளியே போனாள். கொஞ்ச இடைவெளி விட்டு கௌசும் பஞ்சவர்ணமும் பின்னால் போனார்கள். ஸ்டுடியோவை ஒட்டிய ஒரு அறை, போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் மிக்சிகளும் பிளாஸ்டிக் டப்பாக்களும் அடுக்கிய அறை. ராதிகா பொட்டலத்தோடு உள்ளே நுழையும்போது கௌஸ் கதவில் கை வைத்தார்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் அம்மையப்பன் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். மேலே ஒரு சிறிய ஸ்பீக்கர், ஸ்டுடியோவில் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராதிகா தடுமாறவில்லை. காப்பாற்றியதே தான்தான் என்றாள். கேட்டில் செக்யூரிட்டி விரட்டிய மனிதரை உள்ளே கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்தது அவள்தானாம். இன்றைக்கு எட்டு மணிக்கு அவரை நேரலையில் பேச வைத்து, சேதுமாதவன் ஒரு மோசடிக்காரன் என்று ஊருக்குக் காட்டப்போகிறாளாம். இது ஒரு ஏழைக்குக் கிடைக்கும் நியாயம் என்றாள்.

கௌஸ் அவளைப் பார்க்காமல் அம்மையப்பனிடம் பேசினார். கம்பெனியில் யாரும் பேசவில்லை. இன்றைக்கு டியூட்டிக்குப் போகாவிட்டால் நாளைக்கு உங்கள் மேல் புகார். அப்புறம் நீங்கள் எங்கேயும் வேலை செய்ய முடியாது.

அம்மையப்பன் ராதிகாவைத் திரும்பிப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்ததும் பேசலாம் என்றிருந்தேன், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றாள் அவள்.

“சூப்பர்வைசர்னு சொல்லி வெச்சிருந்ததை நீங்க யார்கிட்டண்ணே சொன்னீங்க?” என்று பஞ்சவர்ணம் கேட்டாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

அவர் கல்யாண நாளுக்கு ஒரு பாட்டுக் கேட்டுப் போன் செய்திருக்கிறார். எடுத்தது ராதிகா. அன்பாக விசாரித்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் அந்த ஊரில் அவரிடம் அப்படி யாரும் விசாரித்ததில்லை. மனசில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். அந்தக் கதை எப்படி வெளியே போனது என்று கேட்கத்தான் இங்கே வந்தார். சேதுமாதவன் ஒட்டுக்கேட்டுவிட்டான் என்று அவள் சொன்னதை நம்பினார்.

“ஒட்டுக் கேட்டாரா, நீங்க சொன்னீங்களாம்மா?” என்றார் அம்மையப்பன்.

 சிரிப்பாக இருக்கட்டுமே என்று சொன்னதுதான், அவன் இப்படிச் செய்வான் என்று தெரியாது என்றாள் ராதிகா. அன்றைக்கு அழுகையின் மேல் விழுந்த சிரிப்பு அவளுடையது என்பதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

அம்மையப்பன் எழுந்தார். புரோட்டாப் பொட்டலத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு, ஸ்டுடியோ எந்தப் பக்கம் என்று கேட்டார்.

சேதுமாதவன் அவரைப் பார்த்ததும் யாரென்று தெரியாமல் விழித்தான். கௌஸ் பெயரைச் சொன்னதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்துவந்தான். கட்டிப்பிடித்தான். இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் அண்ணே என்று பாசமாகக் கோபித்துக்கொண்டான். பாட்டு முடிய இன்னும் நேரமிருக்கிறது, அதற்குள் ஒரு வார்த்தை என்று போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

“சொல்றேன் சார்” என்றார் அம்மையப்பன். “அதுக்கு முன்னாடி, என்னைய மாதிரி அழுதீங்களே, அதை எனக்கு ஒருக்கா அழுது காட்டுங்க.”

சேதுமாதவன் சிரித்தான். அது நீங்கள்தானே அண்ணே என்றான்.  கௌஸ், கேம்ப்பில் நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள் சேது, அடுத்த தடவை எழுதும்போது விசாரித்துக்கொள் என்றார்.

சிரிப்பு நின்றது. அவன் கௌசைப் பார்த்தான், பஞ்சவர்ணத்தைப் பார்த்தான், கதவருகே பொட்டலத்தோடு நின்ற ராதிகாவைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

“எல்லாரும் கேட்டாங்க. கேம்ப்புல கேட்டாங்க, ஊர்ல கேட்டாங்க. நான் நேர்ல பாக்கல” என்றார் அம்மையப்பன். “அழுங்க சார்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. கையும் ஓங்கவில்லை. ஆனால் சேதுமாதவன் ஒரு அடி பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சரி, விளையாட்டுதானே என்பது போலத் தொண்டையைச் செருமினான். “சார்…” என்று ஆரம்பித்தான். தினமும் யாருக்காகவோ அழுத குரல் அது. எதிரில் உண்மையான ஆள் நிற்கும்போது அதற்கு மேல் வரவில்லை. மறுபடி செருமினான். அம்மையப்பன் காத்திருந்தார்.

பாட்டு முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

சேதுமாதவன் மைக்கைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கையை ஆட்டிப் பேசு பேசு என்று சைகை செய்தார். ராதிகா தன் நாற்காலிக்கு வரவில்லை. யாரும் பேசவில்லை. அபுதாபி சாலையில் டாக்ஸிக்காரர்கள் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்கள். பஹ்ரைனில் குதைபியாவில் சலூன் வைத்திருப்பவர் சிக்னல் போய்விட்டது என்று ஆப்பை மூடித் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த நிகழ்ச்சி ஆரம்பித்ததிலிருந்து அதில் ஒலிபரப்பான ஒரே நேர்மையான விஷயம் அந்த மௌனம்தான்.

அம்மையப்பன் கௌசிடம், போகலாம் பாய் என்றார்.

*

பஞ்சவர்ணம் வண்டியை வேகமாக ஓட்டினாள். கௌஸ் கேம்ப் பாசுக்குப் போன் செய்து, உங்கள் ஆள் அடுத்த ஷிஃப்ட் டியூட்டிக்கு வந்துகொண்டிருக்கிறார், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார் என்றார். கேம்ப் பாஸ் நீண்ட மூச்சு விட்டுவிட்டு, ஃபோர்மேனிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். பின் சீட்டில் அம்மையப்பன் பஞ்சவர்ணத்தின் போனை வாங்கி ஊருக்குப் பேசினார். நான் சூப்பர்வைசர் இல்லை என்று ஆரம்பித்தவரை மறுமுனையில் பேசவே விடவில்லை என்று தெரிந்தது. அவர் கடைசிவரை “ம்” மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சத்தம் வரவில்லை.

கேம்ப் கேட்டை நெருங்கும்போது கௌசின் போன் அடித்தது. சேதுமாதவன். பக்கத்திலேயே ராதிகாவின் குரலும் கேட்டது. இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். நிகழ்ச்சியில் இத்தனை வருடத்தில் எதற்குமே வராத அளவுக்கு அந்த மௌனத்துக்கு மெசேஜ் குவிகிறதாம். நிர்வாகத்துக்கே ஆச்சரியமாம். வெள்ளிக்கிழமை அம்மையப்பனை வைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்யலாம், அவர் நிஜமாகவே அழுதால் ஊரே உருகிவிடும் என்றான் சேதுமாதவன். பக்கத்திலிருந்து ராதிகா, ராக்கம்மாவையும் போனில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள்.

கௌஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, சொல்ல வேண்டியவர் தான் இல்லை என்று நினைத்தவர் போலப் போனைப் பின்னால் நீட்டினார்.

அம்மையப்பன் வாங்கி, அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் குறுக்கிடவில்லை.

“வேற யாரையாச்சும் பாருங்க சார்” என்றார். “எனக்கு டியூட்டி இருக்கு.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி, சைட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸை நோக்கி நடந்தார். அன்றைக்கு அதே ஷிஃப்ட் டியூட்டியில் இருந்த மணிமாறன் படியில் நின்று கையை நீட்டி அவரை மேலே ஏற்றிக்கொண்டான்.